எலுமிச்சம்பழம் கேட்காத பாதை

1

காட்பாடி ஜங்ஷனில் நீங்கள் என் கழுத்தில் சூட்டிய சாமந்தி மாலை என் வெள்ளைச் சட்டைக் காலரில் ஒரு மஞ்சள் கறையை விட்டுச் சென்றது. ஓராண்டு நிறைந்துவிட்டது, சீமைச் சலவைக்காரியால் அந்தக் கறையைப் போக்க முடியவில்லை. இன்று காலை அச்சட்டையை அணிந்தபோதுதான், நம் வேலூர்ச் சங்கத்துப் பத்திரிகைக்கு எழுதுவதாகச் சொன்ன வாக்கை நான் இன்னும் காப்பாற்றவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

சீமையிலிருந்து எழுதுபவர்கள் வழக்கமாக எவற்றை எழுதுவார்கள் என்பதை நான் அறிவேன். பாலங்களின் நீளம், கோபுரங்களின் உயரம், பனியின் வெண்மை, பார்லிமெண்டின் கம்பீரம். அத்தகைய கடிதங்களை நம் சங்கத்தில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் கைதட்டல் பெற்றவன் நானே. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையின் மதிய உணவையும் அதன்பின் நடந்த நடையையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்நாட்டில் அதிகமாகக் கண்டது என்ன என்று கேட்பீர்களானால் மழை என்பேன். அதிகமாக உணர்ந்தது என்ன என்று கேட்பீர்களானால், மேடையில் நின்று பழகிய குரலிலேயே சொல்கிறேன்: பொறாமை.

2

முதற் பொறாமை ஓர் ஆம்பூர்க்காரன் மீது.

முகம்மது கௌஸை உங்களிற் சிலர் அறிவீர்கள். பாலாற்றங்கரையில் அவன் தந்தைக்குத் தோல் பதனிடும் சாலை இருக்கிறது. ஆம்பூர்ப் பள்ளியில் நானும் அவனும் ஒரே வகுப்பு. நான் முன் பெஞ்சு, அவன் பின் பெஞ்சு. காலணித் தொழிலுக்குப் பேர்போன இவ்வூருக்கு அவன் தோலுக்கு மெருகேற்றும் வித்தையைக் கற்க வந்தான். நான் மிஷன் உதவியில் ஆசிரியர் பயிற்சிக்கு வந்தேன். விதி எங்களை ஒரே வீட்டின் ஒரே மாடியில், அடுத்தடுத்த அறைகளில் குடிவைத்தது.

இவ்வூரில் ஒரு சொற்போர்ச் சபை உண்டு. அதன் தலைவர் திரு. விட்லாக், வக்கீல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர். ஆண்டுதோறும் அடுத்த நகரத்துச் சபையோடு ஒரு பெரும் வாதம் நடக்கும். இவ்வாண்டுப் பொருள், 'கேட்டுப் பெறுவது உரிமையாகுமா?' என்பது. தொடக்கவுரையை ஓர் இந்தியன் ஆற்றட்டும் என்று சபையார் விரும்பினர். அம்மண்டபத்தில் அதுவரை நம்மவர் எவரும் தொடக்கவுரை ஆற்றியதில்லை. அந்த இடம் எனக்கு வேண்டும் என்பதை நான் எவரிடமும் மறைக்கவில்லை. வேலூர் லாங் பஜாரின் வண்டிச் சத்தத்தை மீறி ஒலித்த குரல் இது. அதற்குரிய இடம் அதுவே என்று கருதினேன்.

விட்லாக் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை என்னோடு கிராமத்துக்கு நடந்து வாருங்கள். அங்கே சாப்பிடுவோம். உங்கள் இருவரில் யார் பேசுவது என்று திரும்பி வரும்போது சொல்கிறேன்."

இருவரில்! கௌஸ் அச்சபையில் ஒரே ஒரு முறை வாய் திறந்திருந்தான். நன்றி கூறச் சொன்னார்கள். நான்கு வாக்கியம் பேசினான். அவற்றில் இரண்டு, எங்கள் வீட்டுக்காரி நாள்தோறும் அவிக்கும் முட்டைக்கோஸைப் பற்றியவை. சபை கண்ணீர் வரச் சிரித்தது. நான் அதே சபையில் ஐந்து முறை பேசியிருந்தேன், கைதட்டினார்கள், ஒருமுறையேனும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை அவன் அறைக்குப் போனேன்.

"கௌஸ், உனக்கு இதுல இஷ்டமா, சொல்லு."

"எதுல?"

"தொடக்கவுரையில."

"அட போப்பா! சோறு போடறேன்னாரு, வர்றேன்னேன். பேசுன்னு சொன்னா பேசுவேன், வேணான்னா உட்கார்ந்து கேப்பேன். உன்ன மாதிரி கண்ணாடி முன்னால நின்னுகினு கைய ஆட்டறதுக்கு எனக்கு ஏது டைம்?"

"நான் ஆட்டறது உனக்கு எப்படித் தெரியும்?"

"சொவுரு மெல்லிசுப்பா, பிரசங்கி சாப். ஆட்டற கை மேசையில இடிக்குதே, அந்தச் சத்தம் ஜாஸ்தி."

ஒரு பொருளுக்காகத் தவம் கிடப்பவனுக்கு, அதைப் பொருட்படுத்தாதவனைவிடக் கொடிய பகைவன் இல்லை.

3

அந்த ஞாயிறு நவம்பர் மாதத்து ஞாயிறு. மழை ஓய்ந்திருந்தது. வேலிகளில் சிவந்த காய்கள் தொங்கின. விட்லாக் கைத்தடியோடு முன்னே நடந்தார். அவருடைய கிழ நாய் நடுவே நடந்தது. நாங்கள் பின்னே நடந்தோம். சிறிது நேரத்தில் அந்த நாய் கௌஸின் காலோடு காலாக நடக்கத் தொடங்கியது. அவன் அதை அழைக்கவுமில்லை, விரட்டவுமில்லை.

நாங்கள் சாப்பிடச் சென்ற இடம் பப் எனப்படும் மதுக்கடை. மதுவிலக்குப் பிரதிக்கினையில் கையெழுத்திட்ட குடும்பத்தினர் இதைப் படித்து அஞ்ச வேண்டாம். நம் ஊரில் கள்ளுக்கடை ஊருக்கு வெளியே, முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு போகும் இடத்தில் இருக்கும். இங்கோ அது கோயிலுக்கு நேர் எதிரே இருக்கிறது; ஆராதனை முடிந்ததும் பாதிரியாரே முதல் ஆளாக வந்து கணப்பருகே அமர்கிறார். கிழவர்கள், வண்டிக்காரர்கள், குழந்தையோடு வந்த தம்பதிகள் எல்லோரும் தத்தம் வீட்டுக் கூடத்தில் இருப்பதுபோல் இருந்தார்கள். எவரும் எவரையும் நீ யார், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. நாங்கள் நுழைந்தபோது ஒரு கணம் பேச்சு நின்றது, பிறகு தொடர்ந்தது.

கடைக்காரி, சிவந்த கன்னங்களை உடைய பருத்த அம்மாள், சுட்ட மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மாவுப் பணியாரமும் கொண்டுவந்தாள். கௌஸ் ஹலால் அல்லாத இறைச்சியை உண்ண மாட்டான். அதை அவன் விளக்கிய விதம் இதுதான்: தட்டிலிருந்த இறைச்சியைக் காட்டித் தலையை ஆட்டினான், பணியாரத்தைக் காட்டி நெஞ்சில் கைவைத்தான். அவள் வெடித்துச் சிரித்து, அவனுக்கு மட்டும் ஒரு தட்டு நிறையப் பணியாரங்களைக் கொண்டுவந்து கொட்டினாள்.

அப்போது விட்லாக் என்னைப் பார்த்து, "எங்கள் நாட்டுப்புறம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

எனக்குரிய தருணம் அதுவே என்று கண்டேன். எழுந்தேன். அந்நிலத்தின் பசுமையை முதலிலும், அப்பசுமையைப் பேணிய உழைப்பை இடையிலும், அவ்வுழைப்பால் பயன் பெறுவோர் யாவர் என்ற வினாவை இறுதியிலும் வைத்துப் பேசினேன். அது நல்ல பேச்சு. இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். கடைக்காரி குழம்புக் கிண்ணத்தை ஏந்தியபடி முடியும்வரை நின்றாள்.

"ரொம்ப அழகாக இருந்தது, தம்பி," என்றாள். "குழம்புதான் ஆறிப்போய்விட்டது. சுடவைத்துக் கொண்டுவருகிறேன்."

மறு மூலையில் அம்மாகாணத்துக்கே உரிய ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தோல் போர்த்திய மேசைமேல் ஒன்பது மரக்கட்டைகளை நிறுத்தி, எட்ட நின்று ஒரு வட்டக் கட்டையை எறிந்து வீழ்த்த வேண்டும். கௌஸை அழைத்தார்கள். மூன்று முறை எறிந்தான். முதலாவது சுவரில் பட்டது. இரண்டாவது ஒருவருடைய தொப்பியைத் தட்டியது. மூன்றாவது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பிறகு அது பாதிரியாரின் நாற்காலிக்கு அடியிலிருந்து கிடைத்தது. கடையே அதிர்ந்தது. தொப்பி இழந்தவர் வந்து அவன் தோளில் கைபோட்டு, அவனுக்கு ஓர் இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார்.

வென்றவனைக் கண்டு பொறாமைப்படுவதை அறிந்திருக்கிறேன். தோற்றவனைக் கண்டு பொறாமைப்படுவதை அன்றுதான் அறிந்தேன்.

4

இனி எழுதப்போவதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்ப் பாதை ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் தந்தை, ஆம்பூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் மிஷன் பள்ளி ஆசிரியர். எங்கள் குடியிருப்பு ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து ஆம்பூருக்குப் போக, மிட்டாதாருடைய கரும்புக் கொல்லையின் குறுக்கே, வண்டி போகுமளவு அகன்ற ஒரு வரப்பு உண்டு. அவ்வூர் நிலங்களுக்கெல்லாம் உடையவர் அவரே. எங்கள் ஆட்கள் அந்த வரப்பில் கால்வைக்கக் கூடாது. பாலாற்று மணலில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சித்திரை மாதத்தில் அம்மணல் எப்படிச் சுடும் என்பதை உங்களுக்கு எழுத வேண்டியதில்லை.

என் தந்தை வாத்தியார் என்பதால் எங்கள் வீட்டாருக்கு மட்டும் சலுகை கிடைத்தது. பொங்கலுக்கு மறுநாள் அவர் ஓர் எலுமிச்சம்பழத்தோடு மிட்டாதார் வீட்டின் பின்வாசலில் போய் நிற்பார். நானும் உடன் நிற்பேன். "இந்த வருஷமும் பாதைக்கு உத்தரவு கொடுக்கணும்," என்பார். காரியஸ்தர் பழத்தை வாங்கி உள்ளே கொண்டுபோவார். உள்ளேயிருந்து குரல் வரும்: "போ வாத்தியாரே, போ. செருப்பக் கையில எடுத்துக்கினு போ."

அவ்வாறே போனோம். வரப்பின் தொடக்கத்தில் குனிந்து செருப்பைக் கழற்றுவோம். முடிவில் குனிந்து அணிவோம். மணலில் சுற்றிச் செல்லும் பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள். அவர்கள் கண்ணில் இருந்ததைப் பொறாமை என்று கண்டுகொண்டு நிமிர்ந்து நடந்தேன். என் நிமிர்ந்த நடையின் தொடக்கம் மேடையன்று, அந்த வரப்பு.

5

சாப்பாட்டுக்குப் பின் வேறு வழியாகத் திரும்பினோம். ஒரு மரவேலி, அதில் ஏறிக் கடக்கப் பலகைப் படி, அப்பால் ஒரு பெரிய வயல். கோதுமை முளைவிட்டுப் பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருந்தது. அந்தப் பட்டின் நடுவே, இப்பக்கத்துப் படியிலிருந்து அப்பக்கத்துப் படிக்கு, ஒரு மண்பாதை கோடு கிழித்தாற்போல் ஓடியது. படியருகே வயலுக்குடையவர் நின்று வேலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

விட்லாக் பின்னால் நாய்க்காக நின்றார். கௌஸ் படியேறிக் குதித்து, உடையவரை நோக்கிக் கையசைத்துவிட்டு, முளைத்த கோதுமையின் நடுவே விசிலடித்துக்கொண்டு போயே விட்டான்.

நான் தொப்பியைக் கழற்றினேன். வயலுக்குடையவரிடம் சென்று, "ஐயா, தங்கள் நிலத்தின் வழியே நாங்கள் செல்லத் தாங்கள் மனமுவந்து அனுமதி அளிக்க வேண்டும்," என்று, இலக்கணத்தில் குற்றம் காண முடியாத ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் என்னைச் சற்றுநேரம் பார்த்தார். நான் பரிகாசம் செய்யவில்லை என்பது புரிந்ததும் முகத்தில் ஒரு புன்னகை படர்ந்தது. "கேட்டதனால் சொல்கிறேன்," என்றார். "பயிர் இப்போதுதான் முளைத்திருக்கிறது. வேலியோரமாகச் சுற்றிப் போய்விடுங்கள்."

அதற்குள் விட்லாக் வந்துவிட்டார். அந்தச் சாது மனிதரின் முகம் அப்படிச் சிவந்ததை நான் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"இவர் போகாதே என்று சொல்லவும் கூடாது, நீங்கள் போகலாமா என்று கேட்கவும் கூடாது!" என்று கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "என் பாட்டனார் காலத்துக்கு முன்பிருந்து இதில் ஊரார் நடக்கிறார்கள். ஒருவரும் ஒருவரையும் கேட்டதில்லை. கேட்காமல் நடந்ததால்தான் இது பாதை. எல்லோரும் கேட்கத் தொடங்கினால் நாளைக்கு இது அவருடைய தயவாகிவிடும். தயவென்றால் மறுநாள் மறுக்கலாம். வாருங்கள்!"

வயலுக்குடையவர் சிரித்தபடி தொப்பியைத் தொட்டு ஒதுங்கிக்கொண்டார். விட்லாக் படியில் கால்வைத்தவர், நான் வராததைக் கண்டு திரும்பினார்.

"பூட்ஸில் கல் ஏதும் போய்விட்டதா?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, நான் என் பூட்ஸ் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். இடது காலுடையது முழுவதும் அவிழ்ந்திருந்தது.

"ஆம், கல்தான்," என்றேன்.

தூரத்துப் படியில் உட்கார்ந்திருந்த கௌஸ் வாயருகே கைகுவித்துத் தமிழில் கூவினான்: "இன்னாப்பா, அந்தாளுகிட்ட மனு குடுத்துக்கினு இருக்கிற? சீக்கிரம் வா, மழை வருது!"

அந்த வயலைக் கடக்கும்போது என் நெஞ்சில் இருந்ததை எந்தச் சபையிலும் நான் பேசியதில்லை. இந்தக் கோதுமை வயலின் நடுவே ஒரு பால்காரியும் பிச்சைக்காரனும் பூட்ஸோடு நடக்கலாம், நாயும் நடக்கலாம். உடையவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இந்நாட்டின் கப்பல்களைக் கண்டும், மாளிகைகளைக் கண்டும் நான் பொறாமைப்பட்டதில்லை. அந்த மண்கோட்டைக் கண்டு பொறாமைப்பட்டேன். பெயர்த்தெடுத்துச் சுருட்டி, பெட்டியில் வைத்து எடுத்துவரக் கூடியதாக அது இருந்திருந்தால் திருடியிருப்பேன்.

மழை வந்தது. அப்பக்கத்துப் படியருகே ஒரு மரத்தடியில் ஒதுங்கினோம். பூட்ஸில் கல் இல்லை என்று விட்லாக்கிடம் சொன்னேன். எலுமிச்சம்பழத்தைச் சொன்னேன், பின்வாசலைச் சொன்னேன், செருப்பைக் கையில் ஏந்துவதைச் சொன்னேன். மூன்று பகுதிகளாகப் பிரிக்காமல், கையை ஆட்டாமல் சொன்னேன்.

கௌஸ் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "அந்த மிட்டாதார் வரப்பா? கரும்புக் கொல்லையில, பம்ப் ரூம் பக்கத்துல?"

"அதேதான்."

"எங்க வண்டிங்க ஆவாரம்பட்டை ஏத்திகினு அது மேலதானே வரும்! ஒருத்தனும் இன்னான்னு கேட்டதில்லையேப்பா."

"உங்கள எதுக்குக் கேக்கப் போறான்?" என்றேன்.

அவன் நாயின் காதிலிருந்து கையை எடுத்தான். "நீ ஸ்கூலுக்குச் செருப்பக் கையில புடிச்சிகினு வருவியே, தேஞ்சுடப் போவுதுன்னு கஞ்சத்தனம்னு நெனச்சிருந்தேன்," என்றான்.

மழை விட்டதும் விட்லாக் தம் முடிவைச் சொன்னார். "மதியம்வரை கௌஸ்தான் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். மண்டபம் அவரை நேசிக்கும். இப்போது நீங்கள் பேச வேண்டும் என்கிறேன். சாப்பாட்டு மேசையில் பேசிய பேச்சை அல்ல. இந்த மரத்தடியில் சொன்னதை."

நான் விரும்பிய இடம் கிடைத்தது. என் திறமைக்காகக் கிடைக்கவில்லை. என் தந்தையின் வளைந்த முதுகுக்காகக் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கௌஸ் என் முழங்கையைப் பற்றி, "பேசுப்பா," என்றான். "நான் பேசினா சிரிச்சிட்டு வீட்டுக்குப் போய்டுவாங்க. உனக்குத்தான் கேக்கணும்ற வெறி இருக்குதே."

6

பேசினேன். மண்டபம் நிறைந்திருந்தது. பழத்தை வைத்துத் தொடங்கி, அவிழ்ந்த நாடாவில் முடித்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்கள் பக்கம் வென்றது. அந்தக் கைதட்டலின் நடுவிலும் என் நெஞ்சில் எரிந்தது அதே நெருப்புத்தான். இவர்கள் இப்போது தொப்பியை எடுத்துக்கொண்டு, எவரையும் கேட்காமல், தத்தம் பாதைகளில் வீடு திரும்புவார்கள். ஓர் அந்நிய தேசத்து அநியாயத்துக்காகக் கண்ணீர் விட்ட திருப்தியோடு உறங்குவார்கள்.

வாயிலில் ஒரு முதியவர் என் கையைப் பற்றினார். தொழிற்சாலையில் பூட்ஸ் தைப்பவர் என்று அவருடைய விரல்கள் சொல்லின. "நல்ல பேச்சு," என்றார். "உங்கள் தந்தை இப்போதும் அந்தப் பழத்தைக் கொண்டுபோகிறாரா?"

"ஆம்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியை அணிந்துகொண்டு இருட்டில் இறங்கிப் போனார்.

இப்பத்திரிகையின் போஷகர் வரிசையில் மிட்டாதார் அவர்களின் பெயரும் அச்சாகிறது என்பதை நான் மறக்கவில்லை. அவர் இதைப் படிப்பார் என்பதனாலேயே இதை இங்கே எழுதுகிறேன். பத்திராதிபர் இப்பகுதியை வெட்டுவாரானால், நான் ஊர் திரும்பியதும் லாங் பஜாரில் நின்று வாயால் சொல்வேன்.

மிட்டாதார் அவர்களே: வருகிற தைக்கு என் தந்தை வழக்கம்போல் வருவார். வேண்டாம் என்று அவருக்கு நான் எழுதவில்லை. கடலுக்கு அப்பால் நின்று ஒருவரைத் துணிந்து நட என்று சொல்வது எளிது. அதற்கடுத்த தைக்குள் நான் ஊரில் இருப்பேன். பொங்கலுக்கு மறுநாள் காலை அந்த வரப்பின்மேல் நடப்பேன். என் கால்களில் செருப்பு இருக்கும். விரும்பினால் என் தந்தை என் பின்னே வருவார்; மணலில் சுற்றிப் போகும் எங்கள் ஆட்களில் யார் வந்தாலும் அவர் பின்னே வருவார்கள். அன்று உங்கள் பின்வாசலில் ஒருவரும் நிற்க மாட்டார்கள். எங்கள் வீட்டு எலுமிச்சம்பழங்கள் ஊறுகாய்க்குப் போகும்.

இவ்வளவையும் எழுதி, கௌஸை அழைத்து உரக்கப் படித்துக் காட்டினேன். தன்னைப் பற்றிய இடங்களில் பலமாகச் சிரித்தான். இறுதிப் பகுதியில் சிரிக்கவில்லை.

"நல்லா இருக்குதுப்பா," என்றான். "அது சரி, மிட்டாதார் பேருக்கு முன்னால 'சமூகத்துக்கு மிகவும் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது'ன்னு படிச்சியே, அது இன்னாத்துக்கு?"

"அது மரியாதைப்பா. எல்லாரும் எழுதறதுதான்."

"மரியாதையா?" அவன் குனிந்து என் பூட்ஸைப் பார்த்தான். "மறுபடியும் நாடாவ அவுக்கிறியோன்னு நெனச்சேன்."

அது எனக்குத் தெரியாமல் அவனுக்குத் தெரிந்ததே என்று அப்போதும் பொறாமைப்பட்டேன். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டேன்.